ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் எப்படிப் பேசுவது? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகனுக்கு இப்போது 11 வயது. மூன்று வயது முடிவதற்குள் ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். அவனை ஸ்பீச் தெரபிக்கு அழைத்துப்போன வருடங்களில், அவன் உள்ளே இருக்கும் முக்கால் மணி நேரமும் வராந்தா பெஞ்சில் மற்ற அம்மாக்கள், அப்பாக்களோடு பேசிக்கொண்டிருப்பேன். அங்கே கற்றுக்கொண்டது நிறைய. இப்போது புதிதாக வருகிறவர்கள் எனக்குப் போன் செய்து கேட்கிறார்கள். ஊர் வேறு, பிள்ளை வேறு, ஆனால் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டரோ தெரபிஸ்டோ இல்லை. உங்கள் பிள்ளையை நேரில் பார்க்கிறவர்கள் சொல்வதுதான் முதலில், அதற்குப் பிறகுதான் இது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. காது கேட்கவில்லையோ?

முதலில் காதைச் சோதித்துவிடுங்கள். பிள்ளை தூங்கும்போதே எடுக்கிற பெரா என்ற செவித்திறன் டெஸ்ட் இருக்கிறது, வலி எதுவும் கிடையாது. "அடுத்த ரூமில் பிஸ்கட் பாக்கெட் பிரித்தால் ஓடி வருகிறானே, காது நன்றாகத்தான் இருக்கும்" என்று நாங்களும் நினைத்தோம். ஆனாலும் சில ஒலிகள் மட்டும் கேட்காத பிள்ளைகள் உண்டு. அதனால் அனுமானத்தில் விடாதீர்கள்.

காது சரியாக இருக்கிறது என்றால், நாம் அந்தப் பெயரை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று ஒருநாள் முழுக்கக் கவனித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அவன் பெயர் ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது கேட்கும். பாதி திட்டுவதற்கு, மீதி அவன் திரும்புகிறானா என்று சோதிப்பதற்கு. பெயருக்குப் பின்னால் அவனுக்கு நல்லது எதுவுமே வரவில்லை. பிறகு மாற்றிக்கொண்டோம். கிட்டத்தில் போய், அவன் கண்ணில் படும்படி தரையில் உட்கார்ந்து, ஒரே ஒரு முறை பெயர் சொல்லி, உடனே அவனுக்குப் பிடித்த ஒன்றை நீட்டுவோம். திரும்ப ஆரம்பிக்க மூன்று மாதம் ஆனது.

ஒரு வார்த்தைகூடப் பேசாத பிள்ளையிடம் எதைப் பேசுவது?

அவன் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில் பேசுங்கள். என் மகன் மூன்று வயதில் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் ஃப்ரிட்ஜ் கதவில் என் கையை வைப்பான். என் முகத்தைப் பார்க்கவே மாட்டான். "என்னை ஒரு கருவி மாதிரி நடத்துகிறானே" என்று அழுதிருக்கிறேன். தெரபிஸ்ட் ஒருவர்தான் சொன்னார்: "அம்மா, அவன் உங்களிடம் ஒரு முழு வாக்கியம் சொல்லிவிட்டான். நீங்கள்தான் பதில் சொல்லவில்லை." அன்றிலிருந்து ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது "திற" என்று சொன்னேன். அவ்வளவுதான். "என்ன வேணும்? பாலா? தயிரா? வாயைத் திறந்து சொல்லுடா" என்று கொட்டவில்லை.

நம் பேச்சைக் குறைப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. பேச்சு வரவேண்டும் என்ற ஆசையில் நாம் ஓயாமல் கேள்வி கேட்கிறோம். இது என்ன? மாடு எப்படிக் கத்தும்? மாமா பேர் என்ன? இவை எல்லாமே பரீட்சைக் கேள்விகள், பதில் நமக்கு ஏற்கெனவே தெரியும். அவன் வாளியில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தால் நீங்களும் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். "ஊத்து… ஊத்து… காலி!" இரண்டு வார்த்தை போதும். அடுத்த சொம்பை ஊற்றாமல் கையில் வைத்துக்கொண்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பத்து நொடி என்பது அந்த இடத்தில் மிக நீளமாகத் தெரியும். அந்த நேரத்துக்குள் அவன் உங்கள் கையைத் தட்டினாலும், சொம்பைப் பார்த்தாலும், ஒரு சத்தம் கொடுத்தாலும் அது பேச்சுதான். உடனே ஊற்றிவிடுங்கள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, பெற்றோருக்கே போட்டுக் காட்டி, "இந்த இடத்தில் அவன் உங்களிடம் ஏதோ சொன்னான், பார்த்தீர்களா?" என்று கற்றுத்தரும் முறை இங்கிலாந்தில் உருவானது. அதைக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளின் குடும்பங்களோடு சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையின் போக்கோடு ஒத்துப்போகப் பழகியதும், பிள்ளைகள் தாங்களாகவே முன்வந்து தொடர்புகொள்வது கூடியது. உங்கள் போனில் ஐந்து நிமிடம் எடுத்துப் பாருங்கள். என் முதல் வீடியோவில் அவனுக்கு வாய் திறக்க நான் இடமே கொடுத்திருக்கவில்லை.

நாம் சொன்னதையே திருப்பிச் சொல்கிறான், இல்லையென்றால் டிவி வசனம். அர்த்தமில்லாத பேச்சுதானே?

எனக்கு அதிகம் பேசத் தோன்றுவது இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

"தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "தண்ணி வேணுமா" என்றே திருப்பிச் சொல்வான். தாகம் எடுத்தால் அவனே வந்து "தண்ணி வேணுமா" என்பான். கேலி செய்கிறான் என்றார்கள் சொந்தக்காரர்கள். 1943-ல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசம் பற்றிய முதல் பெரிய பதிவு. அதிலேயே இது இருக்கிறது: இந்தப் பிள்ளைகள் "ஆமாம்" என்று சொல்ல, கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்கிறார்கள் என்று. 1980-களில் பேரி பிரிசன்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் வீடியோக்களைப் பார்த்து, இந்த எதிரொலிப் பேச்சுக்கு வேலை இருக்கிறது என்று காட்டினார். கேட்க, மறுக்க, தன்னை ஆசுவாசப்படுத்திக்கொள்ள, பேச்சில் தன் முறையை நிரப்ப என்று பல.

தண்ணீர் வரும் ஒவ்வொரு தடவையும் அவன் காதில் விழுந்த சத்தம் "தண்ணி வேணுமா". ஆகவே அவனுக்குத் தண்ணீரின் பெயரே அதுதான். நம் தமிழில் இதைச் சரிசெய்வது சுலபம், ஒரு எழுத்துதான் வித்தியாசம். நாம் கேள்வியாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, அவன் சொல்லவேண்டியதை அவன் வாயிலிருந்து வருவதுபோலச் சொல்ல வேண்டும். டம்ளரை நீட்டியபடி "தண்ணி வேணும்" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். "வேணும்னு சொல்லு" என்றும் சொல்லாதீர்கள், "வேணும்னு சொல்லு" என்றே திரும்பி வரும். "நீ", "நான்" குழப்பமும் இதே வகைதான். நாம் அவனை "நீ" என்கிறோம், அவனும் தன்னை "நீ" என்கிறான். தமிழில் "எனக்குப் பசிக்குது" என்பதை "பசிக்குது" என்று மட்டும் சொன்னாலே போதும் என்பதால், அந்த வார்த்தையை விட்டுவிட்டுச் சொல்லித்தருவது எங்களுக்கு உதவியது.

நீளமான வசனங்கள் வேறு விதம். நாலரை வயதில் ஒரு கல்யாண மண்டபத்தில், நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் இருந்தபோது, என் மகன் "போலாம் ரைட்! போலாம் ரைட்!" என்று கத்த ஆரம்பித்தான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்டக்டர் மாதிரியே பேசுகிறான் என்று நானும் சிரித்தேன். அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரியில், அப்புறம் ஒரு ஜவுளிக்கடையில் அதையே சொன்னான். அப்போதுதான் உறைத்தது. முந்தின வருடம் ஒரு திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு அழுது, கடைசியில் பஸ் ஏறியதும், கண்டக்டர் குரல் கொடுத்து பஸ் நகர்ந்ததும் அமைதியானான். "என்னால் இங்கே இருக்க முடியவில்லை, கிளம்பலாம்" என்பதற்கு அவன் கையில் இருந்த வாக்கியம் அது. அன்றிலிருந்து அவன் "போலாம் ரைட்" என்றால் கிளம்பிவிடுவோம். கிளம்பும்போது நான் "வெளியே போலாம்" என்பேன். ஒன்றரை வருடத்தில் "வெளியே போலாம்" என்று அவனே சொல்லத் தொடங்கினான்.

உங்கள் பிள்ளை சொல்லும் விளம்பர வசனத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கே, எப்போது, முகம் எப்படி இருந்தது என்றும் எழுதுங்கள். முதன்முதலில் அதை எந்த இடத்தில் கேட்டிருப்பான் என்று யோசியுங்கள். எல்லாவற்றுக்கும் விடை கிடைக்காது. சில வசனங்கள் அந்த ஒலி பிடித்திருப்பதற்காக மட்டுமே வரும், அதுவும் சரிதான்.

நம் அரசு ஆவணங்களில் ஆட்டிசத்தைப் "புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்" என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். மூன்று வீடு தள்ளி மோட்டார் போட்டால் என் மகனுக்குத் தெரியும். புற உலகம் அவனிடம் அளவுக்கு மீறி வந்து சேர்கிறது.

படம், ஆப் எல்லாம் கொடுத்துப் பழக்கினால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடாதா?

போகாது. இந்தப் பயத்தால் நாங்கள் ஒரு வருடத்தை இழந்தோம். அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் ஒரு அலசல் வெளியானது. நம்பகமான சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் படமோ சைகையோ கருவியோ பேச்சைக் குறைக்கவில்லை. பெரும்பாலோருக்குப் பேச்சு சிறிதளவாவது கூடியிருந்தது. கேட்டது கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்தபிறகுதான் பிள்ளைக்குக் கேட்கத் தோன்றுகிறது.

படத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கும் பெக்ஸ் முறையை 1985-ல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கினார்கள். நம் சென்னையிலேயே உருவான ஆவாஸ் என்ற ஆப் இருக்கிறது, படத்தைத் தொட்டால் தமிழிலும் பேசும். ஆனால் டேப்லெட் வாங்கப் பணம் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் முதல் "ஆப்" பழைய தினசரி காலண்டர் அட்டையில் ஒட்டிய ஆறு போட்டோக்கள். கூகுளில் எடுத்த டம்ளர் படத்தை அவன் கண்டுகொள்ளவில்லை. எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரைப் போட்டோ எடுத்து ஒட்டினேன், உடனே எடுத்து நீட்டினான்.

எந்தப் படங்களை முதலில் வைப்பது என்பதில் ஒரு விஷயம். எல்லோரும் பிஸ்கட், ஜூஸ், பொம்மை என்று ஆரம்பிக்கிறோம். "வேண்டாம்", "போதும்", "வலிக்குது" மூன்றையும் முதல் மாதமே சேருங்கள். "வேண்டாம்" என்று சொல்லத் தெரியாத பிள்ளை கடிக்கும், தள்ளும். இன்னொரு காரணமும் உண்டு. யாராவது தப்பாகத் தொட்டால் மறுக்கவும், நம்மிடம் சொல்லவும் அதற்கு ஒரு வழி வேண்டும். அதனால் அவன் "வேண்டாம்" அட்டையைக் காட்டினால், முடிந்தவரை மதித்துவிடுங்கள். அது சாம்பார் சாதமாக இருந்தாலும் சரி.

வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ். ஒரு மொழி போதும், இங்கிலீஷிலேயே பேசுங்கள் என்கிறார்களே?

உங்களுக்குத் தடுமாறாமல் வருகிற மொழியில் பேசுங்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு அதனால் பேச்சு மேலும் தாமதமாவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாலாட்டும் கொஞ்சலும் தமிழில் வருகிற அம்மா, "கம், சிட், ஈட்" என்று மட்டும் பேசினால் பேச்சே கட்டளையாகிவிடும். தாத்தா பாட்டியோடு இருக்கும் உறவும் அறுந்துபோகும்.

பேசும்போது என் கண்ணைப் பார்க்கவைக்க வேண்டுமா?

வேண்டாம். முகவாயைப் பிடித்துத் திருப்புவதை இன்றே விட்டுவிடுங்கள். கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது புரியவில்லை என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்கிறார்கள். பார்த்தால் சந்தோஷம், பார்க்காவிட்டாலும் அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

என் மகள் நன்றாகப் பேசுவாள். ஆனால் சொல்வதைத் தப்பாகவே புரிந்துகொள்கிறாள். என்ன செய்ய?

நாம் சொல்வதை ஒருநாள் அவள் காதால் கேட்டுப் பாருங்கள். "உயிரை வாங்காதே", "தலையைத் தின்னாதே", "வாலைச் சுருட்டிக்கிட்டு உட்காரு". பாலைக் கொட்டிவிட்டால் "ரொம்ப நல்லாயிருக்கு!" என்கிறோம். அவள் நல்லாயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்வாள். "ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு இருபது நிமிடம் கழித்து வந்தால், அவள் கணக்கில் நாம் பொய் சொல்லிவிட்டோம். "இந்த வேலை முடிஞ்சதும் வரேன்" என்று சொல்லுங்கள், அல்லது கடிகாரத்தில் முள் எங்கே வரும் என்று காட்டுங்கள்.

"ஓடாதே" என்பதில் அவள் காதில் பளிச்சென்று விழுவது "ஓடு"தான். "நட" என்று சொல்லலாம். "கத்தாதே" என்பதற்கு "மெதுவாப் பேசு". அப்புறம், "முதல்ல குளியல், அப்புறம் ஊஞ்சல்" என்று வரிசையாகச் சொல்வது அதட்டலைவிட எங்கள் வீட்டில் நன்றாக வேலை செய்தது. சொன்னபடி ஊஞ்சலும் வரவேண்டும்.

இங்கிலாந்தில் டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர் இருக்கிறார், அவருக்கே ஆட்டிசம் உண்டு. புரிந்துகொள்ளாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012-ல் எழுதினார். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்று சொல்லும் நமக்கும் அவர்களைப் புரிவதில்லை. ஆனால் பயிற்சிக்கு அனுப்புவது அவர்களை மட்டும்தான்.

திடீரென்று கத்தி அழுது தரையில் புரள்கிறான். அந்த நேரத்தில் எப்படிப் பேசிப் புரியவைப்பது?

அந்த நேரத்தில் பேசாதீர்கள். அடம் வேறு, இது வேறு. அடம்பிடிக்கும் பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்தும். இது மெல்ட்டவுன், தாங்கும் அளவு நிரம்பி வழிந்துவிட்ட நிலை. நம் குரலும் அப்போது இன்னொரு சத்தம்தான். விளக்கைக் குறைத்து, கூட்டத்திலிருந்து நகர்த்தி, அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். என் மகனுக்கு முதுகில் கனமான போர்வை போட்டால் பிடிக்கும். சில பிள்ளைகளுக்குத் தொட்டாலே ஆகாது. விசாரணை எல்லாம் மறுநாள்தான், அதுவும் படம் வரைந்து.

நேற்றுவரை நன்றாக இருந்தவன் திடீரென்று தலையை முட்டிக்கொள்கிறான், தூங்கவில்லை, சாப்பாட்டைத் தள்ளுகிறான் என்றால் பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் முதலில் பாருங்கள். நாங்கள் இரண்டு வாரம் "கெட்ட பழக்கம்" என்று நினைத்து அவனோடு மல்லுக்கட்டினோம். கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்திருந்தது. அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

ஐந்து வயது முடிந்துவிட்டது. இனிமேல் பேச்சு வருமா? ஒருநாளாவது "அம்மா" என்று கூப்பிடுவானா?

இதைக் கேட்காத அம்மாவை நான் பார்த்ததில்லை. ஐந்து வயதோடு கதவு மூடிவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள், அது சரியில்லை. நான்கு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாத 535 ஆட்டிசப் பிள்ளைகளைப் பற்றிய அமெரிக்க ஆய்வு 2013-ல் வந்தது. எட்டு வயதிலோ அதற்குப் பிறகோ பார்த்தபோது 70 சதவீதம் பேர் சொற்களைச் சேர்த்துப் பேசினார்கள், 47 சதவீதம் பேர் சரளமாகவே பேசினார்கள். மீதி 30 சதவீதமும் பிள்ளைகள்தான், அவர்களும் சொல்ல நினைப்பதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கவேண்டியவர்கள்தான். அதனால் பேச்சு வரட்டும் என்று காத்திருந்து படத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

என் மகன் என்னை "அம்மா" என்று முதலில் கூப்பிட்டது ஆறு வயதில், டேப்லெட்டில் என் போட்டோவைத் தொட்டு. வாயால் சொன்னது அதற்குப் பத்து மாதம் கழித்து. எனக்கு முதலாவதுதான் நாள், கிழமையோடு நினைவிருக்கிறது.

கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் காட்டவைத்தால், பேசாத பிள்ளைகள் கட்டுரையே எழுதுகிறார்கள் என்கிறார்களே?

ஜாக்கிரதை. பெரியவர் கையைப் பிடித்தோ, பலகையைத் தாங்கியோ எழுதவைக்கும் முறைகளை அமெரிக்கப் பேச்சு, மொழி, செவி வல்லுநர் சங்கம் 2018-ல் பரிந்துரைக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. கையைப் பிடித்து எழுதவைப்பதைச் சோதித்தபோது வந்தது பிடித்தவரின் எண்ணம்தான், பிள்ளையின் எண்ணம் இல்லை. பிள்ளை தானாக, யாரும் கையைப் பிடிக்காமல் தொடும் ஒரு படம் எனக்குப் பத்துப் பக்கக் கட்டுரையைவிடப் பெரிது.

"இவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினான், வசம்பைச் சுட்டு நாக்குல தேச்சா சரியாயிடும்" என்கிறார் மாமியார். எப்படிச் சமாளிப்பது?

சண்டை போடாதீர்கள், வேலை கொடுங்கள். என் மாமியாரும் இதையேதான் சொன்னார். சோதனைக்குப் போவதை வசம்புக்காகத் தள்ளிப்போடவில்லை, அதில் நான் உறுதியாக இருந்தேன். ஆனால் அவரைத் தெரபிக்கு ஒருமுறை கூடவே அழைத்துப்போனேன். பத்து நொடி காத்திருக்கும் வித்தையை எங்கள் வீட்டில் முதலில் பிடித்துக்கொண்டவர் அவர்தான், அவசரம் இல்லாதவர். "ஊத்து, ஊத்து, காலி" விளையாட்டை அவனோடு துளசி மாடத்தடியில் மணிக்கணக்கில் விளையாடினார்.

ஒன்றை மட்டும் எல்லோரிடமும் கறாராகச் சொன்னேன். அவன் முன்னால் அவனைப் பற்றி, அவன் இல்லாததுபோலப் பேசக்கூடாது. பேசாத பிள்ளைக்கும் காது இருக்கிறது.

தெரபிக்கு மாதம் ஆயிரக்கணக்கில் ஆகிறது. அரசு வழியில் என்ன இருக்கிறது?

மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இயங்கும் டிஇஐசி என்ற ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்தில் முதலில் கேளுங்கள். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் உண்டு, ஆகவே யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கலாம். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய்வரை, தெரபிச் செலவும் அதில் உண்டு. பேப்பர் வேலைக்கு அலைச்சல் இருக்கும், ஆனாலும் செய்துவிடுங்கள்.

நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அவன் சொல்வது யாருக்கும் புரிவதில்லை. என்ன செய்வது?

ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். இடப்பக்கம் அவன் சொல்வது அல்லது செய்வது, வலப்பக்கம் அதன் அர்த்தமும் நாம் செய்யவேண்டியதும். எங்கள் தாளில் இப்போது முப்பது வரிக்கு மேல் இருக்கிறது. "போலாம் ரைட்: இங்கே சத்தம் அதிகம், கிளம்பவும்." "காதை மடித்துப் பிடித்தால்: தூக்கம் வருகிறது, காதுவலி இல்லை." "உன் பேர் என்ன என்று அவனே கேட்டால்: புது ஆள் வந்திருக்கிறார், கொஞ்சம் பயம், பக்கத்தில் உட்காரவும்." பள்ளிக்கு ஒரு நகல், ஆட்டோ அண்ணனுக்கு ஒரு நகல். அவன் மாற மாற நாங்களும் அடித்துத் திருத்துகிறோம்.

போன மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தேன். கடைசி வரிக்குக் கீழே, நடுங்கும் கையெழுத்தில், பென்சிலால் மாமியார் ஒன்று சேர்த்திருந்தார்: "குக்கர் வைக்கும்முன் அவனிடம் சொல்லிவிட்டு வைக்கவும். மூணு விசில் என்றால் மூணுதான்."